தோலில் இல்லாத தீட்டு

தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த இளைஞர்கள் கடந்த சில பத்தாண்டுகளாகப் பறையைக் கையிலெடுத்து, கல்லூரி விழாக்களிலும் போராட்டப் பந்தல்களிலும் நகரத்து மேடைகளிலும் முழக்கிவருவது பண்பாட்டு மறுமலர்ச்சியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அதற்குள் சமயம் சார்ந்த பழைய வினா ஒன்று அடங்கியிருப்பது போதிய கவனம் பெறவில்லை. ஒரு பொருளுக்குத் தீட்டு உண்டா, உண்டெனில் அது எங்கே தங்குகிறது, அதை நீக்க வல்லவர் யார் என்பதே அவ்வினா. சாவு, பிறப்பு, மாதவிலக்கு முதலியவற்றை ஒட்டி ஒருவரையோ ஒரு பொருளையோ சடங்குக்குத் தகாததென விலக்கிவைக்கும் கருத்தே தீட்டு எனப்படுகிறது. அத்தகைய தீட்டுகளுக்குக் காலவரையறையும் கழிப்பு முறையும் உண்டு. நாள்கள் சென்றால், நீராடினால் அவை நீங்கிவிடும். சாவு வீட்டில் பறையடித்தவர்மேல் ஏற்றப்பட்ட தீட்டுக்கு மட்டும் முடிவுநாள் குறிக்கப்படவில்லை. அது கருவிக்கும், அதைத் தொட்டவருக்கும், அவருடைய பிள்ளைகளுக்கும் பரம்பரைச் சொத்துப்போல் இறங்கிவந்தது.

பறையின் செய்முறையை அருகிருந்து பார்ப்பவருக்கு இக்கருத்தின் பொருத்தமின்மை எளிதில் விளங்கும். வட்டமாக வளைத்துப் பொருத்திய மரச்சட்டத்தின் மீது, பதப்படுத்திய மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். முழக்குவதற்கு முன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தி அந்த அனலில் காட்டி, விரலால் தட்டித் தட்டிக் கேட்டு, தோல் இறுகி ஓசை தெளிந்தபின் தோளில் மாட்டிக்கொள்வர். ஒரு கையில் மெல்லிய நீண்ட சுண்டுகுச்சியும், மறுகையில் தடித்த குட்டையான அடிகுச்சியும் இருக்கும். இதே மாட்டுத்தோல்தான், ஆட்டுத்தோலோடும் எருமைத்தோலோடும் சேர்ந்து, மிருதங்கத்தையும் ஆக்குகிறது. அந்த மிருதங்கம் சபையில் பட்டுவிரிப்பின் மீது வைக்கப்படுகிறது. வாசிப்பவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அதைச் செய்து கொடுப்பவர்களுள் பலர் தலித் கிறித்தவர்கள் என்பதையும், அவர்களுடைய உழைப்பு மறைக்கப்பட்ட வரலாற்றையும் கருநாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூல் விரித்துரைக்கிறது. எனவே தீட்டு தோலில் இல்லை என்பது வாதத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது.

சாவோடு கொண்ட தொடர்பிலும் தீட்டு இருப்பதாகக் கொள்ள இயலாது; பறை சாவுக்கு மட்டுமே உரிய கருவியன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள், அதாவது அந்நிலத்து வாழ்வுக்கு இன்றியமையாத பொருள்களுள், தெய்வத்தோடும் உணவோடும் சேர்த்துப் பறையையும் வைக்கிறது. ஆண்டாளின் திருப்பாவையில் நோன்பிருக்கும் ஆயர்குலச் சிறுமியர் கண்ணனிடம் வேண்டிச் செல்வது பறையைத்தான்; வைணவ உரைகாரர்கள் அதற்கு இறைத்தொண்டு, அதாவது கைங்கரியம், என உட்பொருள் காண்பர். அச்சிறுமியரின் நோன்பு நாடெங்கும் மழை பெய்து வளம் கொழிக்கவும் வேண்டுகிறது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. இளையோர் கூடிப் பாடுவதன் பயன் ஊர் முழுவதற்கும் உரியது என்னும் எண்ணம் தமிழ்ச் சமய மரபுக்குப் புதிதன்று.

அப்படியானால் இழிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு, பௌத்தம் வினையைப் பற்றிக் கூறும் விளக்கம் துணைசெய்கிறது. ஒரு செயலின் தன்மையை நிர்ணயிப்பது அதைச் செய்பவரின் சேதனை, அதாவது உள்ளத்தின் நாட்டம், என்பது புத்தரின் போதனை. பறையடித்தவரின் செயலில் அவருடைய நாட்டத்துக்கே இடம் விடப்படவில்லை. ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும். உடல்நலமில்லை என்றோ விருப்பமில்லை என்றோ சொல்ல முடியாது. கூலியாகத் தானியமோ சில்லறையோ கள்ளோ கிடைக்கும். மறுத்தால் வயல் வேலையும் கடைச்சாமானும் நிறுத்தப்படும். விருப்பத்தைப் பறித்துக்கொண்ட ஏற்பாட்டின் இழிவை, விருப்பம் பறிக்கப்பட்டவரின் மேலேயே ஏற்றிவைத்ததுதான் சாதியின் கொடிய தந்திரம். கட்டாயப்படுத்திப் பிணம் சுமக்கவோ குழி தோண்டவோ வைப்பதை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக வரையறுத்திருப்பதும் இக்கட்டாயம் பழங்கதையாகிவிடவில்லை என்பதையே காட்டுகிறது.

இந்நிலையில் பல ஊர்களில் பெரியவர்கள் பறையைக் கீழே வைத்துவிட்டனர். இழிதொழில்களைக் கைவிடுமாறு அம்பேத்கர் விடுத்த அறைகூவலோடு ஒத்துச்செல்லும் இம்முடிவு, அடியும் புறக்கணிப்பும் தாங்கி எடுக்கப்பட்டது. தாம் உதறியதைப் பிள்ளைகள் மீண்டும் தோளில் மாட்டுவது அவர்களுட் சிலருக்கு வேதனை தருவது இயல்பே; அந்த வேதனையைப் பிற்போக்கு என்று தள்ளுவது நன்றி மறத்தலாகும். மறுக்கும் உரிமை முதலில் நிலைநாட்டப்பட்டதனால்தான், இளையோரின் முழக்கம் ஊழியமாக அன்றிக் கொடையாக இருக்க முடிகிறது. மறுக்க முடியாதவர் எதையும் கொடுத்தவர் ஆகமாட்டார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது, அவ்வளவே.

இம்மாற்றத்துக்குச் சமய நிறுவனங்களுக்குள்ளிருந்தும் உழைத்தவர்கள் உண்டு. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இறையியலாளர் சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியான தம் நூலில், ஒதுக்கப்பட்டோரின் பறையைக் கிறிஸ்துவின் குறியீடாகவே காணலாம் என்றார். தீட்டு எனத் தள்ளப்பட்டதிலேயே இறைவனின் இருப்பைக் காணும் துணிவு அது. திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவியான சந்திரா தோற்றுவித்த சக்தி கலைக்குழு, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்களுக்கே உரியதாக இருந்த கருவியைப் பெண்கள் இடுப்பில் சேலை வரிந்து கட்டி, அடவு பிடித்து ஆடியபடி முழக்கியபோது, சாதித் தீட்டோடு பெண்ணுடலின் மேல் சுமத்தப்பட்ட தீட்டும் ஒருசேரக் கேள்விக்குள்ளானது. சென்னையில் 2018 சனவரியில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு, சிந்தனையாளர் அயோத்திதாசர் முன்வைத்த சாதியில்லாத் தமிழர் என்னும் கருத்தைத் தன் பெயராக்கிக்கொண்டு, கானாவையும் ராப்பையும் பறையோடு இணைத்தது.

இன்று நகரங்களில் எல்லாச் சாதியினரும் பயிற்சி வகுப்புகளில் பறை கற்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே; பிறப்பால் வந்த கட்டாயம் ஒழிய வேண்டும் என்போர், பிறப்பால் வரும் தனியுரிமையைக் கோருவது பொருந்தாது. ஆயினும் பிற சாதி மாணவர் கைதட்டலோடு வீடு திரும்ப, பறையின் பெயரால் இழிவு சுமந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதே கருவி வாடகை வீடு கிடைக்கவும் தடையாகுமெனில், அங்கே பகிரப்பட்டது இசை மட்டுமே. இழிவு பழைய இடத்திலேயே இருக்கிறது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது பெருமைக்குரியது. அவ்விருதின் பெருமை சேரிக்குள் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதும் உடன் கேட்கப்பட வேண்டியதே.

சாவடி, அதாவது சாவுக்குரிய தாளம், விடப்பட வேண்டுமா என்பதில் கலைக்குழுக்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சில குழுக்கள் சாவுக்கு வாசிப்பதே இல்லை. வேறு சிலர், ஊர் அழைத்தால் செல்லாமல், தம்மோடு போராடியவரும் தமக்குக் கற்பித்த ஆசானும் மறையும்போது தாமாகச் சென்று முழக்குகின்றனர். இவ்விரண்டாம் நிலையே ஆழமானதாகத் தோன்றுகிறது. ஏனெனில் சாவடியைக் கைவிடுபவர் சாவுக்கு இசைப்பதில் இழிவு உண்டு என்பதை ஒருவகையில் ஒப்புக்கொள்கிறார்; தம் விருப்பத்தோடு அதை முழக்குபவரோ அந்த ஒப்புதலையும் மறுக்கிறார்.