ஜுமுஆ உரை: சவர பிரஷ் – சுத்தமும், சந்தேகமும், பிறர் கண்ணியமும்

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலிஹில் கரீம், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது.

 

போன வாரம் தொழுகை முடிந்து ஒரு இளைஞர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், சவரத்துக்கு பிரஷ் வாங்கப் போனேன். ஒன்றில் மிருக முடி என்று போட்டிருக்கிறது. இன்னொன்று நைலான். எதை வாங்கலாம்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஒரு முஃமின் தன் முகத்தில் படுகிற பொருள் சுத்தமானதா என்று கேட்டால் அது சிரிக்கிற விஷயம் அல்ல. அந்த முகத்தைத்தான் நாம் ஸஜ்தாவில் வைக்கிறோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாடி வைப்பது நபிவழி. தாடியை மழிக்க வழி சொல்வதற்காக நான் மிம்பரில் நிற்கவில்லை. உம்ரா, ஹஜ்ஜில் தலை மழிக்கிறோம். பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாள் முடி இறக்குகிறோம். கன்னத்தையும் கழுத்தையும் ஒதுக்குகிறோம். அங்கெல்லாம் இந்த பிரஷ் வருகிறது. அதனால் இதன் சட்டம் நம் எல்லோருக்கும் தேவை.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். சவர பிரஷ் பெரும்பாலும் நான்கு வகை. பன்றியின் முரட்டு முடியில் செய்தது, பேட்ஜர் என்ற வளைக்கரடி இன மிருகத்தின் முடியில் செய்தது, குதிரை முடியில் செய்தது, நைலான் போன்ற செயற்கை இழையில் செய்தது. பன்றி முடியின் நுனி பிளந்து பிளந்து இருக்கும். அதனால் தண்ணீரையும் சோப்பையும் நன்றாகப் பிடிக்கும், விலையும் மலிவு. தொழிற்சாலைகள் அதை விரும்பக் காரணம் இதுதான். பெட்டியில் "பன்றி" என்று தமிழில் எழுதியிருக்க மாட்டார்கள். "போர்" என்றோ "பிரிசில்" என்றோ இருக்கும். "போர்" என்றால் ஆண் பன்றி. "பிரிசில்" என்றால் முரட்டு முடி, பிரஷ் வியாபாரத்தில் அது பெரும்பாலும் பன்றி முடியையே குறிக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு காலத்தில் பன்றி முடியில்தான் வந்தது. 1938-ல் நைலான் பிரஷ் வந்த பிறகுதான் அது மாறியது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மிருக முடி எல்லாமே கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். சூரா அந்நஹ்ல் 80-வது வசனத்தில், கால்நடைகளின் கம்பளியிலும் ரோமத்திலும் முடியிலும் உங்களுக்கு வீட்டுப் பொருட்களை ஆக்கித் தந்தேன் என்று அல்லாஹ் தன் அருட்கொடையாகச் சொல்லிக் காட்டுகிறான். ஆட்டு முடி சுத்தம். உயிரோடு இருக்கும் குதிரையிடமிருந்து கத்தரித்த முடியும் சுத்தம். நைலான்தான் இஸ்லாமிய பிரஷ் என்று புதிதாக ஒரு சட்டம் உண்டாக்க நமக்கு உரிமை இல்லை.

பன்றியின் விஷயம் வேறு. சூரா அல்அன்ஆம் 145-வது வசனம் அதை அசுத்தம் என்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அதன் முடியும் கடுமையான நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீராக இருக்க வேண்டும். ஆதாரத்தின் அடிப்படையில் ஒரு தடவை கழுவினாலே போதும் என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்கள் வலுவாகக் கண்ட கருத்து. ஹனஃபி மத்ஹபிலும் பன்றி முடி நஜீஸ்தான். மாலிகி மத்ஹபில் கத்தரித்த முடி சுத்தம். இந்தக் கருத்து வேறுபாட்டை ஏன் சொல்கிறேன்? தெரியாமல் உபயோகித்தவரைப் பார்த்து, "உன் இத்தனை வருடத் தொழுகையும் போச்சு" என்று நாம் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதற்காக.

பேட்ஜர் முடி? ஹனஃபி மத்ஹபில் பன்றியைத் தவிர மற்றவற்றின் முடி, அந்த மிருகம் செத்திருந்தாலும் சுத்தம். ஷாஃபிஈ மத்ஹபில், முறையாக அறுக்கப்படாத மிருகத்தின் முடி நஜீஸ். ஆக ஒரே பிரஷ், ஒரே ஸஃப்பில் நிற்கும் இருவருக்கு இரண்டு சட்டம்.

ஹனஃபி கிதாபுகளில் ஓர் அருமையான மஸ்அலா இருக்கிறது. அந்தக் காலத்தில் செருப்பு தைப்பவர்கள் பன்றி முடியை வைத்துத்தான் தோலைத் தைத்தார்கள். அதற்கு மாற்று இல்லை. நிர்ப்பந்தம் என்பதால் ஃபுகஹாக்கள் அனுமதித்தார்கள். பின்னால் வந்த அறிஞர்கள் என்ன சொன்னார்கள்? இப்போது ஊசி வந்துவிட்டது, தேவை போய்விட்டது, அனுமதியும் போய்விட்டது என்றார்கள். இதை நம் பிரஷ்ஷுக்குப் பொருத்திப் பாருங்கள். செயற்கை இழை பிரஷ் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. சீக்கிரம் காய்கிறது, நுரையும் நன்றாக வருகிறது. இனி எந்த நிர்ப்பந்தம் இருக்கிறது? ஆகவே அந்த இளைஞருக்கு நான் சொன்ன பதில்: தம்பி, நைலானை வாங்குங்கள். ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் சந்தேகமானவை உண்டு, அவற்றை விட்டு விலகியவர் தன் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மலேசியாவில் பன்றி, நாய் சம்பந்தப்பட்ட பொருட்களை அடையாளமிட்டுத் தனியாக வைத்து விற்க வேண்டும் என்று 2013-ல் உத்தரவு போட்டார்கள். 2017-ல் கடைகளில் சோதனை நடத்தி, அடையாளமிடாத பெயின்ட் பிரஷ்களை ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்தார்கள். நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், கேட்கிறவருக்கு உண்மையைச் சொல்வது கடைக்காரர் மீது அமானிதம். முதல் உலகப் போர் சமயத்தில் பேட்ஜர் முடி கிடைக்காமல் போனது. பேட்ஜர் போலத் தெரியும்படி செய்த குதிரை முடி பிரஷ்களை, சரியாகச் சுத்திகரிக்காமலே விற்றார்கள். அந்த முடியில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிப்பாய்களும் பொதுமக்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் வந்தது, பலர் இறந்தார்கள். குதிரை முடி தன்னளவில் சுத்தம்தான். அங்கே நஜீஸாக இருந்தது வியாபாரம்.

சகோதரர்களே! இதுவரை பிரஷ்ஷைப் பற்றிச் சொன்னேன். இனி சொல்வது என்னைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் அகீகாவுக்கு துஆ ஓத அழைத்திருந்தார்கள். குழந்தைக்கு முடி இறக்க வந்தவர் மாற்று மதச் சகோதரர். அந்த வீட்டில் மூன்று தலைமுறைக்கு முடி வெட்டியவர். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் தலையில் வைக்கப் போனார். வீட்டுப் பெரியவர் ஒருவர் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி, "இது பன்றி முடி, எங்கள் பிள்ளை மேல் வைப்பாயா?" என்று வாசலில் எறிந்தார். சபையே அமைதியாகிவிட்டது. அந்த மனிதர் பிரஷ்ஷைப் பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கூலியும் வாங்காமல் போய்விட்டார். அவருடைய கண்ணை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதியவன் நான். எனக்குச் சட்டம் தெரியாமல் இல்லை.

அந்தச் சட்டம் என்ன? எந்த மிருகத்தின் முடி என்று தெரியாவிட்டால் அடிப்படையில் அது சுத்தம் என்றே ஷாஃபிஈ ஃபுகஹாக்கள் எழுதுகிறார்கள். சந்தேகத்தால் உறுதி நீங்காது. உமர் (ரலி) அவர்கள் பயணத்தில் ஒரு நீர்த்தொட்டிக்கு வந்தார்கள். கூட இருந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி), இங்கே காட்டு மிருகங்கள் தண்ணீர் குடிக்க வருமா என்று தொட்டிக்காரரிடம் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களோ, அதை எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். முவத்தாவில் வருகிற செய்தி இது. நீங்கள் காசு கொடுத்து வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், அது பேணுதல். அடுத்தவர் கையில் இருப்பதைத் துருவிக் குற்றம் சாட்டுவதைப் பேணுதல் என்று சொல்ல முடியாது.

சரி, அது பன்றி முடிதான் என்று உறுதியாகவே தெரிந்திருந்தால்? பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு கிராமவாசி சிறுநீர் கழித்தாரே! சஹாபாக்கள் அவரைத் தடுக்க எழுந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை விடச் சொன்னார்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். நஜீஸை ஒரு வாளி தண்ணீர் கழுவிவிட்டது. ஒரு மனிதரைச் சபையில் அவமானப்படுத்தினால் அதைக் கழுவ எத்தனை வாளி ஊற்றுவது?

மூன்று நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்காம் நாள் அவருடைய கடைக்குப் போனேன். ஒரு நைலான் பிரஷ் வாங்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தப் பழைய பிரஷ்ஷை எடுத்துக் காட்டினார். அதில் எந்த எழுத்தும் இல்லை. நானும் அவரும் ஒரு முடியைப் பிடுங்கி நெருப்பில் காட்டினோம். நைலானாக இருந்தால் உருகி உருண்டையாகிவிடும். அது உருகவில்லை, முடி கருகுகிற வாடைதான் வந்தது. மிருக முடி என்று தெரிந்தது, எந்த மிருகம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் சொன்னார்: "இது உங்களுக்கு ஆகாது என்று யாராவது ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேனே, ஹஜ்ரத். முப்பது வருடத்தில் யாரும் சொல்லவில்லையே."

எனக்கு அது சாட்டையடி. சொல்ல வேண்டியவன் நான். அதனால்தான் இன்று சொல்கிறேன்.

வீட்டுக்கு வாங்கும்போது செயற்கை இழை பிரஷ் பார்த்து வாங்குங்கள். சமையலறையில் எண்ணெய் தடவுகிற பிரஷ்ஷையும், பெயின்ட் பிரஷ்ஷையும் பாருங்கள். முடி இறக்க ஆள் அழைத்தால் ஒரு புது பிரஷ்ஷை நீங்களே வாங்கி அவர் கையில் கொடுத்து, அதை அவருக்கே அன்பளிப்பாக விட்டுவிடுங்கள். கிருமித் தொற்றுக்கும் அது நல்லது. சலூனில் சந்தேகம் வந்தால் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள். முன்பு நடந்ததை நினைத்து வஸ்வாஸில் விழாதீர்கள். யாரையாவது இப்படிப் புண்படுத்தியிருந்தால் இன்றைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள்.

நம் முகத்தையும் அகத்தையும் அல்லாஹ் சுத்தமாக்கி வைப்பானாக! பேணுதலையும் பணிவையும் சேர்த்தே நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.