வியாஜமும் இயல்பமைப்பும்

வாங்கியவர் எதையும் மாற்றாமல் விட்டால் ஒரு கணினியோ கைப்பேசியோ எந்த நிலையில் இயங்குமோ, அந்த நிலையே அதன் இயல்பமைப்பு எனப்படுகிறது. பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லையாதலால், பயனரைக் காக்க வேண்டியவர் பயனரா, தயாரித்தவரா என்னும் வினாவுக்குப் பயனரைக் கேளாமலே விடை எழுதப்பட்டுவிடுகிறது. உயிருக்கும் இறைவனுக்கும் இடையே இவ்வினாவைத் தமிழக வைணவம் முன்பே வைத்து வாதிட்டிருக்கிறது. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல உயிரும் சிறிதேனும் முயல வேண்டும் என்பது வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார் கொள்கை. அம்முயற்சி அருளுக்கு விலையன்று, அருள் இறங்க ஒரு சாக்கு மட்டுமே என்பதால் அதனை ‘வியாஜம்’ என்றனர். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரோ, பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவனே வந்து உயிரை ஏற்கிறான் என்றனர்.

2001இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம் பயனரைக் குரங்குக் குட்டியாகவே கொண்டது: அழையாமல் வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் என்னும் காப்பரண் அதில் இருந்தும், இயல்பாக அணைக்கப்பட்டே இருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழுநிரல், எவரும் எதையும் சொடுக்காமலே கணினிக்குக் கணினி தாவிய பின்னர், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் என்னும் மேம்படுத்தல் தொகுப்பு அக்காப்பரணை இயக்கியே வழங்கியது. 2007இல் விண்டோஸ் விஸ்டா மறுகோடிக்குப் போய் அடிக்கடி அனுமதி கேட்க, படிக்காமலே சம்மதம் தரும் பழக்கம் வளர்ந்தது. 2009இல் விண்டோஸ் 7 அக்கேள்விகளைக் குறைத்தது. வியாஜம் மிகுந்தால் வெறும் சடங்காகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று சமய வரலாற்றிலும் அரிது.

எனினும் பூனை வாதம் நிற்பதற்குக் காரணம், அங்கே காப்பவன் காக்கப்படும் உயிரை முற்றும் அறிந்தவன், தன்னலமற்றவன் என்பதே. இவ்விரண்டும் நிறுவனத்துக்குப் பொருந்தா. காரைக்கால் கரையில் கருக்களாச்சேரி போன்ற மீனவர் ஊர்களில் வலை இழுத்துத் தேய்ந்த விரலும் உப்புநீரில் நனைந்த கையும் விரல்ரேகைப் பூட்டுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. தந்தை கடலுக்குப் போகாத வேளையில் அதே கைப்பேசி பிள்ளையின் பாடத்துக்கும் தேவைப்படும் வீட்டில், ஒருவருக்கே உரியதெனக் கருதி வகுத்த பூட்டு வீட்டாரையே வெளியே நிறுத்துகிறது. ஆகவே பயனரால் கணிக்க இயலாத ஃபயர்வால் போன்றவற்றில் கவ்விச் செல்வதே அறம். ஆனால் பூட்டை யார் திறக்கலாம் என்பதைப் பயனரே அறிவாராதலால், அங்கே ஒரு சிறு வியாஜம் அவரிடம் விடப்பட வேண்டும்.

2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாக நிறுவுவோரின் வட்டை, அதாவது கோப்புகள் உறையும் சேமிப்பகத்தை, தானே குறியாக்கம் செய்து, மீட்புத் திறவுகோலையும் அக்கணக்கிலேயே வைக்கிறது. கணக்கின் கடவுச்சொல்லை இழந்தவர், திறவுகோல் கேட்கப்படும் நாளில் தம் கோப்புகளையே இழக்கலாம். குறியாக்கம் தொடங்குமுன் அத்திறவுகோலைத் தாளில் எழுதி வைக்கச் சொல்லும் ஒரே ஒரு திரை, வடகலையார் கேட்ட அளவை மீறிய முயற்சியாகாது.