அதிபத்தரின் ஒற்றை மீன்

திருநாகைக் காரோணத்தைச் சார்ந்த நுழைப்பாடி என்னும் பரதவர் குப்பத்தில் வாழ்ந்த அதிபத்த நாயனாருடைய சரித்திரத்தைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் சொல்லிச் செல்லும் முறையில், பக்திப் பெருக்கிலே திளைக்கிறவர்கள் பெரும்பாலும் கவனியாமல் விட்டுவிடும் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. வலையில் படும் மீன்களில் தலைமீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் மேற்கொண்டிருந்த நியமம். மீன் மலைமலையாகக் குவிந்த காலத்தில் அந்த நியமத்தைக் காப்பதில் பெரிய அருமை ஒன்றும் இல்லை. நாளடைவில் மீன்பாடு அற்றுப்போய், ஒரு நாளைக்கு ஒரே ஒரு மீன் மட்டும் அகப்படும் நிலை வந்தது. அந்த ஒன்றையும் அவர் விட்டார். சுற்றத்தார் பசியால் வாடினார்கள், அவருடைய உடலும் தளர்ந்தது. கடைசியில் ஒரு நாள் நவமணிகள் இழைத்த பொன்மீன் ஒன்று வலையில் வந்தபோதும், இதுவே இன்றைய முதல் மீன் என்று அதையும் அலையிலே விட்டார்.

இவரைக் கடல்வளப் பாதுகாப்பின் முன்னோடி என்று சில மேடைகளில் புகழ்வது வழக்கமாகி வருகிறது. அப்படிச் சொல்வது நாயனாருக்கும் நியாயமன்று, கடலுக்கும் நியாயமன்று. அவர் செய்தது பூஜை. ஆயினும் அந்தப் பூஜைக்குள்ளே ஒரு தத்துவப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது: கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் நிறைவையும் குறைவையும் நம் கைக்கு வந்ததைக் கொண்டு நாம் அளக்கலாமா? அப்படி அளந்த பிறகுதான் நம் கடமையைத் தீர்மானிக்க வேண்டுமா?

நாகப்பட்டினத்துத் துறையில் ‘ராஜுலா’ கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் ஜெலுத்தோங்கில், காலைச் சந்தைக்குப் போனால் இந்தக் கேள்வியை மீன் மேசைக்கு எதிரிலேயே கேட்கலாம். உடைத்துக் கொட்டிய பனிக்கட்டியின் மேல் கெம்போங் மீன்கள் ஒரே பக்கமாகத் தலைவைத்து அடுக்கப்பட்டிருக்க, செவுளை விரலால் தூக்கிச் சிவப்புப் பார்த்தபடியே ஓர் அம்மாள், “கடல்ல மீனே இல்லைன்னு பேப்பர்ல போடுறான், இங்க பாரு, மேசை கொள்ளாம கெடக்குது” என்கிறார். கூட வந்தவரோ, “எல்லாம் வளர்ப்பு மீன்தான் அக்கா, இன்னும் இருபது வருஷத்துல கடல்ல ஒண்ணுமே இருக்காதாம்” என்று பதில் சொல்கிறார். உலகத்தில் இவ்விஷயத்தைப் பற்றி நிலவும் பொது அபிப்பிராயங்கள் அனைத்தும் ஏறத்தாழ இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கம் உபதேசிக்கும்போது, ஏதுப் போலிகளை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று மூன்றாக வகுக்கிறார். ஒரு முடிவுக்கும் பொருந்தி, அதற்கு நேர்மாறான முடிவுக்கும் பொருந்தக்கூடிய காரணம் அநைகாந்திகம். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம். மேசையைக் கண்டு சமுத்திரத்தை ஊகிக்க முடியாது. கடலில் மீன் மிகுந்திருந்தாலும் மேசை நிறையும். மீன் குறைந்து, படகுகளும் வலைகளும் எந்திரங்களும் பெருகியிருந்தாலும் மேசை நிறையும். அப்படியே, மீன் அழிந்தாலும் பாடு குறையும். மீன் நிறைய இருக்க, பிடிக்காதே என்று சட்டம் தடுத்தாலும் பாடு குறையும்.

உலகக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1950-இல் சுமார் 2 கோடி டன்னாக இருந்த இயற்கை மீன்பிடிப்பு மளமளவென்று ஏறியது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் பதிவுப்படி, 1996-இல் கடல் மீன்பிடிப்பு மட்டும் 8.6 கோடி டன் என்னும் உச்சத்தைத் தொட்டது. அதன் பிறகு 8 கோடியை ஒட்டியே ஏறியும் இறங்கியும் நிற்கிறது. இந்தச் சமநிலையைப் பார்த்து, கடலும் சமநிலையில் இருக்கிறது என்று மனம் ஆறுதல் கொள்வது முதல் மயக்கம். அதே நிறுவனம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுவனவாகக் கணித்த மீன்தொகுதிகள் 1974-இல் நூற்றுக்குப் பத்தாக இருந்து, அண்மை ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டன. அறிஞர் டேனியல் பாலியும் டிர்க் செல்லரும் பதிவேறாத பிடிப்புகளையும் சேர்த்து 2016-இல் வெளியிட்ட மறுகணக்கில், உச்சம் 13 கோடி டன் என்றும், அதற்குப் பின் வந்தது சமநிலையன்று, தெளிவான இறக்கமே என்றும் கண்டார்கள். இவ்விரு கணக்குகளைப் பற்றிய விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் நேர்ந்தது இதைவிடக் கொடிய பாடம். 1980களில் கரையோரச் சிறு மீனவர்கள், காட் மீன் வருவதில்லை, வருவதும் சிறுத்துவிட்டது என்று முறையிட்டார்கள். ஆழ்கடலில் இழுவைக் கப்பல்களுக்கோ பாடு நன்றாகவே இருந்தது. எஞ்சிய மீன்கள் நெருங்கித் திரண்ட இடத்தைக் கருவிகள் காட்டிக் கொடுத்தன என்பதால் வந்த செழிப்பு அது. கப்பல்களின் கணக்கு பெரிதும் நம்பப்பட்டது. ஐந்து நூற்றாண்டுகளாக உலகுக்கு உணவளித்த அந்த மீன்பிடிப்பை 1992 ஜூலையில் அரசாங்கம் நிறுத்தியபோது பிடிப்பதற்கு மீன் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? பினாங்கை ஒட்டிய மலாக்கா நீரிணையே இதற்குச் சாட்சி. 1960களில் இங்கே ‘பூக்காட் துண்டா’ எனப்படும் இழுவலை பரவியது. கரையோரத்துச் சம்பான்காரர்களுக்கும் இழுவைப் படகுக்காரர்களுக்கும் கைகலப்பு வரை போயிற்று. 1980களில் கரையிலிருந்து 5 கடல் மைல் வரை இழுவைப் படகு நுழையலாகாது என்று வலயம் வகுத்தார்கள். மலேசியாவின் கடல் மீன்வரத்து 1970-இல் சில லட்சம் டன்னாக இருந்தது, 2010களில் 14 லட்சம் டன்னை எட்டியது. இதே காலத்தில், 1970களின் தொடக்கம் முதல் மேற்குக் கரையில் நடத்தப்பட்ட ஆய்வு இழுவைகள், கடலடி மீன்களின் செறிவு பெருமளவு சரிந்து, தொடக்கத்தில் இருந்ததில் ஒரு சிறு பங்குக்கு இறங்கிவிட்டதைக் காட்டின. வரவு பெருகப் பெருக முதல் கரைகிறது. பக்கத்துக் குளுகோரில் 1957-இல் தோன்றிய மீன்வள ஆராய்ச்சி நிலையம் இத்தனை காலம் பினாங்குத் தீவிலேயே இருந்தும், சந்தைக்கு வரும் நம்மவர்களுக்கு மேசைதான் பிரமாணமாக இருக்கிறது.

இதைக் கேட்டவுடன் மனம் மற்றக் கோடிக்குத் தாவிவிடுகிறது. அங்கேயும் ஒரு மயக்கம் காத்திருக்கிறது. 2006-இல் ‘சயன்ஸ்’ இதழில் போரிஸ் வோர்ம் முதலானோர் எழுதிய ஆராய்ச்சியில், அன்றைய போக்கு நீடித்தால் என்ற நிபந்தனையோடு கூறப்பட்டிருந்த ஓர் ஊகம், நிபந்தனை உதிர்ந்துபோய், ‘2048-இல் கடலில் மீன் இராது’ என்ற தலைப்பாக உலகமெங்கும் ஓடியது. அவ்வூகத்தைக் கடுமையாக மறுத்தவர்களில் ஒருவரான ரே ஹில்போர்னும் அதே வோர்மும் சேர்ந்து ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு, கட்டுப்பாடு உள்ள கடல்கள் பலவற்றில் பிடிப்பின் வேகம் தணிந்திருக்கிறது, மீன் மீளவும் கூடும் என்பது. அந்த முடிவு தலைப்பளவு பரவவில்லை. நல்ல செய்திக்குக் கால்வலிமை குறைவு. அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை மீனுக்கு ஒதுக்கீட்டைக் கடுமையாக வெட்டிய ஆண்டுகளில் அதன் பிடிப்பு விழுந்தது. எண்களை மட்டும் படித்தவர் அழிவு என்றே சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஓய்விலே அது பெருகி, 2021-இல் அழியும் இனப் பட்டியலிலிருந்து இறக்கப்பட்டது. பெரு நாட்டின் நெத்திலி மீனோ 1970-இல் 1.2 கோடி டன்னுக்கு மேல் பிடிபட்டு, மூன்றே ஆண்டுகளில் 20 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. அதற்கு மிகைப் பிடிப்போடு எல் நினோ என்னும் கடல் வெம்மையும் காரணம்.

வளர்ப்பு மீன் இருக்கிறதே என்னும் சமாதானத்தையும் சற்றுச் சோதிக்க வேண்டும். 2022-இல் உலகில் வளர்க்கப்பட்ட நீர்வாழ் விலங்குகளின் அளவு, பிடிக்கப்பட்டவற்றின் அளவை முதன்முறையாக விஞ்சியது உண்மைதான். ஆனால் சிப்பியும் கெண்டையும் ஒரு வகை, கூண்டில் வளரும் சியாக்காப் மீன் வேறொரு வகை. இழுவலையில் பெரிய மீனோடு வாரிக்கொண்டு வரப்படும் குஞ்சுகளையும் சில்லறைகளையும் ‘ஈக்கான் பாஜா’ என்று கூடையில் தள்ளுகிறார்களே, அதன் ஒரு பகுதி இந்தக் கூண்டுகளுக்கே இரையாகப் போகிறது. வளர்ப்பு மீனின் வயிற்றில் கடல் மீன் இருக்கிறது.

இப்போது அந்த இரண்டு அம்மாள்களிடமும் திரும்புவோம். ஒருவர் கடல் வற்றாது என்கிறார், மற்றவர் கடல் வற்றியே தீரும் என்கிறார். சித்தாந்தத்தில் இருவரும் எதிரிகள். வியவகாரத்தில் இருவரும் ஒன்றே. வற்றாத பொருளைக் குறித்து யாருக்கும் கடமை இல்லை, வற்றியே தீரும் பொருளைக் குறித்தும் கடமை இல்லை. பெருமிதமும் நிராசையும் ஒரே அனுமதிச் சீட்டைத்தான் எழுதிக் கொடுக்கின்றன. அதிபத்தருக்கு அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. பாடு பெருகியபோது, கடலுக்கு என்ன குறை, ஒரு மீன் விடாவிட்டால் என்ன என்று அவர் எண்ணவில்லை. ஒரு மீனாய்ச் சுருங்கியபோது, இனி எல்லாம் போயிற்று, இதையாவது உண்போம் என்றும் எண்ணவில்லை. அவருடைய சங்கல்பம் அனுமானத்தின்மேல் கட்டப்பட்டதன்று. அதற்காக அறிவு வேண்டாம் என்பது என் கருத்தல்ல. எவ்வளவு விடுவது, எப்போது விடுவது என்பதைக் கணக்குத்தான் சொல்ல முடியும். ஒரே ஒரு மீனை விடுவது கடலைக் காத்துவிடாது. விட வேண்டும் என்பதை மட்டும் கணக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்க வைத்தோமானால், தீர்ப்பு வருமுன் நியூபவுண்ட்லாந்தில் வந்தது வந்துவிடும்.

நாயனார் பிறந்த நாகையிலேயே இன்று விசைப்படகுகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் கரையில் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. ஒருவகையில் அது ஊர் முழுவதும் சேர்ந்து அனுஷ்டிக்கும் விரதம், சட்டம் என்ற பெயரில். தடை நீங்கிய முதல் வாரத்தில் மீன் குவிவதைக் கண்டு கடல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்வார்கள். இரண்டு மாதம் தொடாத கிணற்றில் முதல் வாளி ததும்பத்தான் செய்யும். ஆவணி ஆயில்யத்தில் அதிபத்தருக்கு விழா எடுத்துப் பொன்மீனைக் கடலில் விடும் அதே ஊர்த் துறையில்தான், கண் சிறுத்த வலைகளைப் பற்றிய பூசலும் நடக்கிறது.

வாங்குகிறவனுக்கு இதில் பங்கில்லை என்று ஒதுங்க வள்ளுவர் இடம் தரவில்லை; புலால் மறுத்தலில் அவர் குற்றத்தை விற்பவனோடு நிறுத்தாமல் உண்பவனிடமும் கொண்டுவந்து வைக்கிறார். புலால் முற்றும் துறக்க எல்லாராலும் ஆகாது. புரட்டாசியில் துறந்து ஐப்பசியில் இரட்டிப்பாகச் சாப்பிடும் நம் வழக்கம் ஆன்மாவுக்கு எப்படியோ, கடலுக்கு நன்மை செய்வதாகத் தெரியவில்லை. அதைவிட, மேசையின் ஓரத்தில் மலிவாகக் கூறுகட்டி வைத்திருக்கும் விரல் நீளக் கெம்போங் குஞ்சுகளை, ஒரு முறையாவது முட்டையிட வாய்ப்பில்லாதவை என்று அறிந்து வாங்காமல் விடுவது நம்மால் ஆகும். அவற்றை யாரும் கேளாமல் மூன்று நாள் கிடந்தால், நாலாம் நாள் அந்தக் கூறு மேசைக்கு வராது என்பது மீன்காரருக்குத் தெரியும்.