கூட்டுக் கணக்கு

ஓசூரில் நான் வேலை பார்க்கும் வங்கியில், கூட்டுக் கணக்கை முடித்தால் மீதியைப் பிரித்துக்கொள்ளலாம். சிருஷ்டிக்கு அந்த வசதி இல்லை.

சி. ஆர். சுப்பராமனின் குழுவில் டி. கே. ராமமூர்த்தி வயலின், எம். எஸ். விஸ்வநாதன் ஆர்மோனியம். 1952-ல் சுப்பராமன் மறைந்தபின் இருவரும் இரட்டையரானார்கள். 1965-ல் ‘ஆயிரத்தில் ஒருவ’னோடு பிரிந்தார்கள். விஸ்வநாதன் பிறகு நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்தி மிகச் சிலவற்றுக்கே. ஆகவே முந்தைய மெட்டுகளும் விஸ்வநாதனுடையவையே என்று தீர்ப்பளிப்பது ரசனையின் சோம்பல். பின்னால் வந்த வெற்றி முன்னால் நடந்ததற்குச் சாட்சியாகாது.

ஒருவன் பாடிக் காட்டுகிறான். எதிரே இருக்கும் செவியின் தயக்கம் அடுத்த அடியைத் திருத்திவிடுகிறது. அந்தத் தயக்கத்தை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

1995-ல் ‘எங்கிருந்தோ வந்தா’னுக்காக மீண்டும் சேர்ந்தார்கள். ஒருவர் 2013-லும் மற்றவர் 2015-லும் போய்விட்டார்கள். பங்கு பிரிக்க நாம்தான் மிஞ்சியிருக்கிறோம்.

நண்பன் ஒருவனோடு சேர்ந்து எழுதிய பழைய கட்டுரைகளை நேற்று எடுத்துப் பார்த்தேன். பேச்சு நின்று பல வருஷங்கள் ஆயிற்று. என் வரி எது என்று தேடினேன். சிறந்த வரிகளையெல்லாம் என்னுடையவை என்றே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். திரும்பிப் பார்ப்பதில் உள்ள முதல் பொய் இதுதான்.