கால் படாத மண்

ஹிரோஷிமாவில் தங்கியிருப்பவர் ஒருவர் அருகிலுள்ள மியாஜிமா தீவுக்குக் காலையில் புறப்பட்டு, அங்குள்ள மிசென் மலையில் ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் திரும்பிவிட எண்ணினால், அவர் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டிய நேரங்கள் பல. நகரிலிருந்து மியாஜிமாகுச்சித் துறைக்கு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம். துறையிலிருந்து தீவுக்குப் படகில் பத்து நிமிடம். 535 மீட்டர் உயரமுள்ள மலையின் உச்சிக்கு நடந்தே செல்வதானால் ஏறுவதற்கு மட்டும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். நடக்க இயலாதவர் 1959 முதல் இயங்கிவரும் ரோப் காரில், அதாவது பழனியில் உள்ளது போன்ற கம்பிவட ஊர்தியில் செல்லலாம். ஆனால் அது உச்சிவரை போகாமல் 433 மீட்டர் உயரத்திலேயே இறக்கிவிட்டுவிடும், மாலையில் முன்னதாகவே நின்றும்விடும். இவற்றோடு கடலின் ஏற்ற வற்றப் பட்டியலையும் பார்த்துக்கொள்வது வழக்கம். நீர்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால் கரையோரக் கோயில் நீரில் மிதப்பது போலத் தோன்றும். 100 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் கடலுக்குள் நிற்கும் பெருவாயிலின் அடிவரை நடந்தே போய்வரலாம்.

சுற்றுலாக் கையேட்டுக்கு உரியவையாகத் தோன்றும் இச்செய்திகளின் அடியில் ஒரு பழைய சமய வழக்கு தீராமல் கிடக்கிறது. அத்தீவின் மண்ணை மனிதக் கால் மிதிக்கலாமா என்பதே அவ்வழக்கு.

ஜப்பானின் பூர்வ சமயமான ஷின்தோவில் வழிபடப்படும் தெய்வங்களும் இயற்கை ஆற்றல்களும் காமி எனப்படும். காமி உறையும் பொருளுக்கு ஷின்தாய், அதாவது தெய்வத் திருமேனி, என்று பெயர். பெரும்பாலான கோயில்களில் ஷின்தாய் ஒரு கண்ணாடியாகவோ வாளாகவோ உட்கருவறையில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் மட்டும் ஒரு மலையோ பாறையோ தீவோ முழுமையாகவே திருமேனியாகக் கொள்ளப்படும். இட்சுகுஷிமா என்னும் முறையான பெயரும், 'கோயில் தீவு' என்று பொருள்படும் மியாஜிமா என்னும் வழக்குப் பெயரும் கொண்ட இத்தீவு அத்தகையது. திருவண்ணாமலையில் மலையே லிங்கம் என்று கொள்ளப்படுவதால், அதன்மேல் ஏறுவதைவிட அதனைச் சுற்றி 14 கிலோமீட்டர் வலம் வருவதே அடியாரின் பொது வழிபாடாக நிலைத்திருப்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இக்கருத்து அன்னியமாக இராது.

திருமேனியை மிதிக்கலாகாது எனில் கோயிலை எங்கே கட்டுவது என்ற சிக்கல் எழுகிறது. எதிர்க்கரையிலிருந்தே தீவை நோக்கி வணங்குவது ஒரு வழி; அங்குள்ள ஜிகோசென் என்னும் புறக்கோயில் அவ்வழியை நினைவூட்டுகிறது. 593-இல் தோன்றியதாக மரபு கூறும் தீவுக் கோயிலை 1168 வாக்கில் இன்றைய பேரளவில் எடுத்துக் கட்டிய போர்த்தலைவன் தைரா நோ கியோமோரியின் காலத்தில் நிலைபெற்ற வழியோ, தரையையும் தவிர்த்துக் கடலையும் தவிர்த்தது. நீர் ஏறும்போது கடலாகவும் வற்றும்போது சேற்றுத்தரையாகவும் மாறும் இடைநிலத்தில் தூண்கள் நிறுத்தப்பட்டு, அவற்றின்மேல் மண்டபங்களும் நீண்ட நடைக்கூடங்களும் அமைக்கப்பட்டன. நடைக்கூடத்தின் தரைப்பலகைகளுக்கு இடையே சிறு இடைவெளி விடப்பட்டிருக்கிறது. புயற்காலத்தில் கீழிருந்து மோதும் நீர் அவ்விடைவெளி வழியே பொங்கி வடிந்துவிடுவதால் தளம் பெயராமல் தப்புகிறது. எதிரே கடலில் நிற்கும் பெருவாயில் தோரீ எனப்படும்; புனித எல்லையைக் குறிக்க இரு தூண்களின் மேல் குறுக்கு விட்டங்கள் வைத்து எழுப்பப்படும் இவ்வகை வாயிலைச் சாஞ்சியின் தோரணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போரும் உண்டு. 1875-இல் எழுப்பப்பட்ட இன்றைய தோரீ ஏறத்தாழ 16 மீட்டர் உயரமும் 60 டன் எடையும் உடையது. அதன் தூண்கள் மண்ணில் புதைக்கப்படாமல், கடலடியில் அறையப்பட்ட மரமுளைகளின்மேல் தம் எடையாலேயே நிற்கின்றன. படகிலேயே அவ்வாயிலைக் கடந்து படகிலேயே கோயிலை அடைந்த பழைய யாத்திரிகருக்கு மண்ணைத் தொடும் தேவை எழவில்லை. இன்று நீர் வற்றும் நேரம் பார்த்து வருவோர் அதே வாயிலின் தூண் வெடிப்புகளில் நாணயங்களைச் செருகிவிட்டுப் போகின்றனர். அது மரத்தைக் கெடுக்கிறது என்று கோயிலார் வேண்டிக்கொண்டும் வழக்கம் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. காணிக்கை என்னும் எண்ணமே காணிக்கை பெறும் பொருளைச் சிதைப்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

மிதியாமைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதை அழகியலாக மட்டும் பேசுவது நேர்மையாகாது. ஷின்தோவில் கெகாரே எனப்படுவது தமிழர் தீட்டு என்று வழங்கும் கருத்துக்கு மிக அணுக்கமானது. பிறப்பும் இறப்பும் குருதியும் அதனை விளைவிப்பன. ஆகவே தீவில் எவரும் பிறக்கலாகாது, இறக்கலாகாது என்ற விதி ஏற்பட்டது. பேறுகாலம் நெருங்கிய பெண்கள் எதிர்க்கரைக்கு அனுப்பப்பட்டுத் தீட்டு நீங்கிய பின்னரே திரும்ப அனுமதிக்கப்பட்டனர். சாகக்கிடந்தவர்களும் அவ்வாறே படகேற்றப்பட்டனர். 1555-இல் மோரி மொதோநாரி தீவிலேயே போரிட்டுச் சுவே ஹருகாதாவின் படையை முறியடித்தபோது, பிணங்களை அகற்றியதோடு நில்லாமல், குருதி தோய்ந்த மண்ணையும் அகழ்ந்தெடுத்துக் கோயில் மரங்களையும் கழுவச் செய்தான் என்று கூறப்படுகிறது. வென்ற தலைவன் மண்ணை அகழ்ந்தும் மரத்தைக் கழுவியும் பரிகாரம் தேட முடிந்தது. வலியெடுத்த பெண்ணோ அலையில் ஆடும் படகில் ஏற வேண்டியிருந்தது. தீவின் தூய்மைக்கு உரிய விலையை எல்லோரும் சமமாகக் கொடுக்கவில்லை என்பதை அதன் பெருமை பேசும் நூல்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன. இன்றும் தீவில் இடுகாடு இல்லை. இறந்தோர் எதிர்க்கரையிலேயே அடக்கம் செய்யப்படுகின்றனர்.

இவ்வளவு கட்டுப்பாடுகள் சூழ்ந்த தீவின் நடுவே நிற்கும் மலைக்கு நேர்மாறான வரலாறு ஒன்று உண்டு. சீனத்தில் பயின்று 806-இல் நாடு திரும்பிய பௌத்தத் துறவி கூகாய், அவ்வாண்டே மிசென் மலையில் நூறு நாள் தவமிருந்து அதனைத் 'திறந்தார்' என்பது மரபு. மலையைத் திறத்தல் என்னும் சொல்லாட்சி கருதத்தக்கது: கீழே நின்று வணங்கும் பொருளாக இருந்த மலை, உள்ளே புகுந்து பயிலும் இடமாக மாறுவதையே அது குறிக்கிறது. கூகாய் நிறுவிய ஷிங்கோன், அதாவது 'மெய்ம்மொழி' அல்லது மந்திர நெறி, மந்திரமும் முத்திரையும் மண்டலமும் கொண்டு இப்பிறவியிலேயே புத்தநிலை எய்தலாம் என்று கூறும் தாந்திரிக பௌத்தம். அதன் குருமரபில் கூகாய்க்கு ஆசிரியர் ஹுய்குவோ. அவருக்கு ஆசிரியர் அமோகவஜ்ரர். அவருக்கு ஆசிரியர், தென்னிந்தியாவில் பிறந்து காஞ்சியில் தங்கியிருந்தவர் என்று சீனக் குறிப்புகள் கூறும் வஜ்ரபோதி. எனவே மிசென் உச்சிக்கு அருகே ரெய்காதோ என்னும் தெய்வச்சுடர் மண்டபத்தில் கூகாய் மூட்டியதாகக் கருதப்படும் நெருப்பு, அந்நெறியின் கோமா என்னும் தீவேள்வியிலிருந்து வந்தது என்பதும், கோமா என்பது ஹோமம் என்னும் வடசொல்லின் திரிபு என்பதும் தமிழ் வாசகருக்கு வெறும் ஒலியொப்புமையாகத் தோன்ற வேண்டியதில்லை. அச்சுடரின்மேல் பெரிய இரும்புக் கொப்பரை ஒன்று தொங்குகிறது; அதில் கொதிக்கும் நீரை நோய் தீர்க்கும் மருந்தாக ஏறிவருவோர் பருகுகின்றனர்; கூரையும் சுவரும் புகையால் கறுத்திருக்கும். 2005-இல் அம்மண்டபமே எரிந்துபோய் மறுபடி கட்டப்பட்டது. 1964-இல் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் ஏற்றப்பட்ட சுடருக்கு மூலமான நெருப்புகளில் மிசென் நெருப்பும் ஒன்று.

மலையடிவாரத்தில் உள்ள டைஷோ-இன் மடத்தின் படிக்கட்டில் இம்மாற்றத்தைக் கையால் தொட்டே அறியலாம். படிகளின் நடுவே செல்லும் கைப்பிடியில் உலோக உருளைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றில் பொறிக்கப்பட்டிருப்பது, அனைத்தும் தன்னியல்பற்றவை எனக் கூறும் பிரஞ்ஞாபாரமிதை நூல். ஏறுபவர் உருளைகளைச் சுழற்றிக்கொண்டே சென்றால் அந்நூலை ஓதிய பயன் கிட்டும் என்பது நம்பிக்கை. மூச்சு வாங்க ஏறும் உடலே இங்கு ஓதும் வாயாகிவிடுகிறது. ஏப்ரல் 15-லும் நவம்பர் 15-லும் அங்கே தீமிதி நடைபெறுகிறது. தணலின்மேல் துறவியரும் பொதுமக்களும் வெறுங்காலோடு நடக்கின்றனர். கால் படக்கூடாத தீவில் காலே வழிபாட்டுக் கருவியாவது இவ்வாறுதான்.

ஆக, ஒரே தீவில் புனிதம் பற்றிய இரு கொள்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. புனிதம் இடத்தில் ஏற்கெனவே நிறைந்திருப்பது, மனிதன் அதைக் குறைக்காமல் விலகி நிற்க வேண்டும் என்பது ஒன்று. புனிதம் பயிற்சியால் விளைவது, இடம் அதற்குக் களம் என்பது மற்றொன்று. இவற்றை இணக்கிவிட வேண்டும் என்ற பதற்றம் ஓராயிரம் ஆண்டுகளாக அங்கே எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. கோயிலின் தேவியரில் ஒருவரான இச்சிகிஷிமாஹிமே, பௌத்தத்தோடு ஜப்பானை அடைந்து பென்ஸைதென் என்று பெயர்கொண்ட சரசுவதியோடு ஒன்றாகவே வணங்கப்பட்டார். 1868-இல் ஷின்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்குமாறு அரசு ஆணையிட்ட பின்னரே பென்ஸைதென் திருவுருவம் அருகிலுள்ள டைகன்ஜி மடத்துக்கு மாற்றப்பட்டது. வழக்கைத் தீர்ப்பது அரசுக்கு எளிது.

தமிழ்ச் சைவ மரபிலோ இவ்வினாவுக்கு மூன்றாவது விடை ஒன்று இருக்கிறது. கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சிய காரைக்காலம்மையார் தலையால் நடந்து ஏறினார் என்றும், அம்மையார் தலையால் நடந்த திருவாலங்காட்டை மிதிக்க ஞானசம்பந்தர் தயங்கினார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அம்மையார் மலையடியில் நின்றுவிடவில்லை. எல்லோரும் ஏறுவது போல் ஏறிவிடவும் இல்லை. போகலாம், ஆனால் பிற இடங்களுக்குப் போவது போலப் போகலாகாது என்பதே அவர் விடையாகிறது. யாத்திரைக்கும் உல்லாசப் பயணத்துக்கும் உள்ள எல்லையை ஆராய்வோர் பெரும்பாலும் நடப்பவரின் உள்ளத்தையே நோக்குகின்றனர். மனம் தூயதாயின் எந்நடையும் யாத்திரையே என்ற இனிய விடையோடு அவர்களின் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. அவ்விடை போதாது. மியாஜிமாவின் பழைய யாத்திரிகர்கள் தூய மனத்தினராக மட்டுமே வந்தார்கள் என்று கொள்வதற்கில்லை. 1643-இல் அறிஞர் ஹயாஷி கஹோ ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகளில் ஒன்றாக அதனைக் குறித்த பின் காட்சிக்காகவே வந்தோர் ஏராளம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செய்ஷின் என்னும் துறவி, பென்ஸைதென் கையிலுள்ள யாழ்போன்ற இசைக்கருவியின் வடிவில் சோற்று அகப்பை செய்யக் கற்றுக்கொடுத்தது தீவினர் அதனை வந்தவர்களிடம் விற்றுப் பிழைக்கத்தான். கருதத்தக்கது உள்ளத்தின் தூய்மையைவிட, இடம் கேட்ட விலக்குக்கு உடல் பணிந்ததா என்பதே.

இன்றைய பயணி எதற்குப் பணிகிறார்? அவர் நடக்கும் காட்டைப் பார்த்தால் வினா கூர்மையாகிறது. மிசென் மலையின் பழங்காடு 1929-இல் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது; 1996-இல் கோயிலோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பெருநகரத்துக்கு இவ்வளவு அருகே அது அழியாமல் எஞ்சியதற்கு முதற்காரணம், மண்ணை உழவும் மரத்தை வெட்டவும் சமயம் விதித்த தடை. மலையேறுபவர் நாடி வரும் நிழல், நுழையாமலும் வெட்டாமலும் விலகி நின்ற பல தலைமுறையினர் விட்டுவைத்தது. அவ்விலக்கில் அவர் பங்கேற்கவில்லை, அதன் பயனை மட்டும் துய்க்கிறார். ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு துய்க்க வருகின்றனர். 2023 அக்டோபர் முதல் ஒவ்வொருவரிடமும் 100 யென் வருகை வரி பெறப்படுகிறது. தீவின் மான்களுக்குத் தீனி போடலாகாது, குப்பையைத் திரும்ப எடுத்துச்செல்ல வேண்டும் என்ற வேண்டுகோள்களும் உண்டு. இவை மிகச் சிறிய விலக்குகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடைசி ஊர்திக்கும் நீரின் ஏற்றத்துக்கும் தன் நாளை ஒப்புக்கொடுத்து, எதையும் விட்டுச்செல்லாமல் மாலையில் வெளியேறிவிடும் ஒருநாள் பயணி, அங்கே பிறக்கவும் இறக்கவும் கூடாது என்ற பழைய விதியைத் தான் அறியாமலேயே நிறைவேற்றிவிடுகிறார் என்பது வேடிக்கையான உண்மை.

விலக்கு முழுமையாகவே காக்கப்படும் இடமும் ஜப்பானில் உண்டு. இட்சுகுஷிமாவில் வணங்கப்படும் அதே மூன்று தேவியர் கியூஷூவின் முனகாதாப் பகுதியிலும் வணங்கப்படுகின்றனர்; அவர்களுள் ஒருவருக்கு உரியது நிலத்திலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவில் கடல் நடுவே உள்ள ஓகினோஷிமா. அங்கே முறைவைத்துத் தங்கும் பூசாரி ஒருவர் மட்டுமே இருப்பார். கரையேறுமுன் ஆடை களைந்து கடலில் நீராட வேண்டும். ஒரு புல்லைக்கூட எடுத்து வரலாகாது. கண்டதை வெளியே சொல்லலாகாது. பெண்களுக்கு முற்றிலும் அனுமதி இல்லை. ஆண்டில் ஒரு நாள் 200 ஆடவர் வரை அனுமதிக்கப்பட்டுவந்த வழக்கமும் 2017-இல் அத்தீவு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் நிறுத்தப்பட்டது. நான்காம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரை படைக்கப்பட்ட பொருள்கள் ஏறத்தாழ 80,000 அங்கே கிடந்தவாறே கிடைத்ததற்கு இவ்விலக்கே காரணம்; அவற்றை 1954-க்கும் 1971-க்கும் இடையே அகழ்ந்தெடுத்த ஆய்வாளர்கள் அம்மண்ணை மிதித்தே எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓகினோஷிமாவுக்குச் செல்ல இயலாதவர்கள் செல்வது, முனகாதாக் கரையிலிருந்து அரை மணிக்கும் குறைவான படகுப் பயணத்தில் உள்ள ஓஷிமாவுக்கு. அதுவும் ஒருநாள் மலையேற்றத்துக்கு ஏற்ற தீவே. 224 மீட்டர் உயரமுள்ள மிதாகே குன்றைக் கடந்து செல்லும் 11 கிலோமீட்டர் நடைப்பாதை 2014-இல் திறக்கப்பட்டது. அப்பாதை வடகரையில் யோஹாய்ஷோ, அதாவது தொலைவிலிருந்து வணங்கும் இடம், என்னும் சிறு மண்டபத்தருகே செல்கிறது. தெளிந்த நாளில் அங்கிருந்து அடிவானத்தில் ஓகினோஷிமா சிறு கறுத்த மேடாகத் தெரியும். மூட்டமான நாளில் கடலைத் தவிர எதுவும் தெரியாது. வந்தவர்கள் அப்போதும் அத்திசை நோக்கி இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்கிவிட்டுப் படகுத்துறையை நோக்கி நடக்கின்றனர்.