பாம்பு கொத்தினாலும் கட்டையை உருட்டு!

"எனக்கும் கணக்கு வராது, என் பிள்ளைக்கும் வராது."

இந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்! மூக்கும் முழியும் பிறவியிலேயே வரலாம். கணக்குப் பயம் நம் வாய்வழியாகத்தான் பிள்ளையின் காதுக்குள் இறங்குகிறது. பயத்தை ஊட்ட முடிந்த உங்களால் துணிவையும் ஊட்ட முடியும். அதற்குப் பட்டம் வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு பரமபதப் படமும் ஒரு ஜோடி தாயக்கட்டையும் போதும்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது நம் வழக்கம். எனக்கு ஐந்து வயதில் 12-க்கும் 21-க்கும் வித்தியாசம் தெரியாது. அதற்காக வகுப்பில் எழுந்து நிற்க வைத்தார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் பாட்டி அந்த ஏகாதசி இரவில் தரையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டாள். 12-இல் ஏணி வரைந்தாள், 21-இல் பாம்பு வரைந்தாள். "எதுல நிக்கப் போறேன்னு நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு" என்றாள். ஏணியையும் பாம்பையும் யார் குழப்பிக்கொள்வார்கள்? விடிவதற்குள் இரண்டு எண்களும் எனக்குள் தனித்தனியாக உட்கார்ந்துவிட்டன. ஒரு வசவு இல்லை, ஒரு குட்டு இல்லை!

அந்தக் கட்டங்களின் சூட்சுமத்தைப் பாருங்கள். முதல் வரிசை இடமிருந்து வலம் போகும். அடுத்தது வலமிருந்து இடம் திரும்பும். எந்தப் பக்கம் நகர்வது? கட்டத்தில் உள்ள எண்ணைப் படித்தால்தான் தெரியும். வாய்ப்பாடாக ஒப்பித்துத் தப்பிக்க வழியே இல்லை. எண்பத்தொன்பதைத் தாண்டியதும் எண்பத்திப்பத்து என்று தடுமாறும் குழந்தை, தொண்ணூறு என்ற கட்டத்தில் தன் காயையே வைத்துவிட்டால் பிறகு அதை மறக்காது.

இது பாட்டிக் கதை மட்டும் என்று ஒதுக்காதீர்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வறிய குடும்பங்களின் மழலையர், ஒன்று முதல் பத்து வரை நேர்க்கோட்டில் எண் எழுதிய பலகையில் விளையாடினார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கே அமர்வுகள், ஒவ்வொன்றும் கால்மணி, இருபது நிமிடம். எண்ணை அடையாளம் காண்பதிலும், எது பெரியது என்று சொல்வதிலும் அவர்கள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் வெறும் நிறம் பூசிய பலகையில் ஆடிய குழந்தைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆக, ஆடினால் மட்டும் போதாது. எண்ணைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி ஆட வேண்டும். காய் 23-இல் நிற்கிறது, நான்கு விழுகிறது என்று வையுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று நகர்த்த விடாதீர்கள். "இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். தடுமாறினால் முந்திக்கொண்டு விடை சொல்லாதீர்கள். பொறுங்கள்! அந்தப் பத்து நொடி மௌனத்தில்தான் பிள்ளை வளர்கிறது.

மூன்று, நான்கு வயதா? கோலமாவால் பத்துக் கட்டம் போடுங்கள். ஐந்து வயதா? இருபது வரை போகட்டும். பிறகு முழுப் படத்தையும் விரியுங்கள். மார்கழி போனால் ஆட்டம் முடிந்துவிடுமா என்ன? கோடை விடுமுறையில் பல்லாங்குழியை எடுங்கள். பதினான்கு குழிகளில் புளியங்கொட்டை போட்டு ஆடும்போது, ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் "பசு" என்று அள்ளுவோமே! அதற்காகக் காத்திருக்கும் கண், எண்ணாமலே நான்கை அறியப் பழகும். ஐப்பசி அடைமழையில் திண்ணையில் தாயம் உருளட்டும்.

தாயக்கட்டையில் ஒரு பக்கம் புள்ளியே இல்லாமல் வெறுமையாக இருக்கும். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் என்ன கணக்கு? பன்னிரண்டு! ஆட்டத்திலேயே பெரிய எண். கையில் ஒன்றுமில்லை என்று கலங்கும் தாயே, படிக்காதவன் என்று குறுகும் தகப்பனே, அந்த வெறுமையைப் பாருங்கள். உங்கள் பொறுமையும் பிள்ளையின் ஆசையும் ஒன்றாய் விழட்டும்!

உங்களையும் ஒருநாள் ஒரு பாம்பு கொத்தியிருக்கும். கரும்பலகை முன்னால் விடை தெரியாமல் நின்ற நாள், வகுப்பே சிரித்த நாள். அன்று நீங்கள் கீழே இறங்கியதில் தவறில்லை. மறுபடி கட்டையை உங்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை, அதுதான் தவறு. பரமபதத்தில் உச்சிக்கு அருகில்தான் பெரிய பாம்பு காத்திருக்கும். அது விழுங்கினாலும் ஆட்டக்காரர் வெளியேறுவதில்லை. அடுத்த சுற்றிலும் அவருக்கு முறை உண்டு.

இன்று மாலை விளக்கேற்றியதும் கட்டம் போடுங்கள். முதல் உருட்டு பிள்ளைக்கு. அடுத்தது உங்களுக்கு. விழுந்த எண்ணை இருவரும் உரக்கச் சொல்லுங்கள்!