வைரத்துக்கு எட்டிய தூரம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வடக்கில் சாலையே இல்லாத பூர்வகுடி ஊர்கள் பல. போக வர விமானம்தான். கடுங்குளிரில் ஏரியும் சதுப்பும் உறைந்தால் சில வாரங்களுக்குப் பனிக்கட்டிமேல் வண்டி ஓடும். இந்த ஊர்கள் பலவற்றில் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மேலே படிக்க ஆசைப்பட்டால், பதினான்கு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள தண்டர் பே போன்ற நகரில் யாரோ ஒருவர் வீட்டில் தங்கவேண்டும்.

2000க்கும் 2011க்கும் இடையில் அப்படித் தண்டர் பேக்குப் போன ஏழு பேர் உயிரோடு ஊர் திரும்பவில்லை. ஐந்து உடல்கள் ஆற்றுநீரில் கிடைத்தன. 2016இல் முடிந்த மரண விசாரணையில் ஜூரிகள் 145 பரிந்துரைகள் எழுதினார்கள். நான்கு சாவுகள் எப்படி நேர்ந்தன என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

'பெற்றோர் சம்மதித்துத்தானே அனுப்பினார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. 1966இல் சேனி வென்ஜாக் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் கெனோரா உறைவிடப் பள்ளியிலிருந்து தப்பி, 600 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த வீட்டை நோக்கி நடந்தான். ரயில் பாதையோரம் குளிரில் விறைத்துச் செத்தான். அன்று பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்தது சட்டம். இன்று ஒன்பதாம் வகுப்பு இல்லை என்ற ஒரே காரணம் போதுமாயிருக்கிறது. வேறு வழியே வைக்காமல் வாங்கிய கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரா?

'எட்டாத தூரத்தில், சில நூறு பேர் ஊருக்கு உயர்நிலைப் பள்ளி கட்டுபடியாகாது.' சரி, தொடக்கப் பள்ளியின் கணக்கையே பார்ப்போம். அதே வடக்கில் அட்டவாபிஸ்கட் என்ற ஊரில் 1979இல் தொடக்கப் பள்ளிக்கு அடியில் டீசல் கசிந்தது. நெடி தாங்காமல் 2000இல் பள்ளியை மூடினார்கள். அதன்பின் தற்காலிகக் கொட்டகைகள்தான். புதுப் பள்ளி 2014இல் வந்தது. நடுவே, 2008இல், அங்கிருந்து 90 கிலோமீட்டரில் விக்டர் வைரச் சுரங்கம் திறந்தாயிற்று. அதே சதுப்பு, அதே பனிப் பாதை, அதே வானம். சுரங்கம் தனியார் காசு என்பீர்கள். இருக்கட்டும், அப்படியானால் தூரத்தைக் காரணம் காட்டுவதையாவது நிறுத்தலாமே.

அந்தப் பள்ளிக்காகத் தலைநகர் ஒட்டாவாவரை போய்க் குரல்கொடுத்த ஷானன் கூஸ்டாசின் அதைப் பார்க்கவில்லை. உயர்நிலைப் படிப்புக்காகத் தெற்கே தங்கியிருந்தபோது, 2010இல், சாலை விபத்தில் இறந்தாள். வயது பதினைந்து.

இன்னொரு ரகம் உண்டு: 'அவர்களை அவர்கள் பண்பாட்டோடு விட்டுவிடலாமே!' இதைச் சொல்பவரின் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

வழியே இல்லையா? கீவேட்டினூக் இணைய உயர்நிலைப் பள்ளி என்று ஒன்றைப் பூர்வகுடி ஊர்களே சேர்ந்து நடத்துகின்றன. ஊருக்குள்ளேயே ஒரு வகுப்பறை, நேரில் ஓர் ஆசிரியர், பாடங்கள் இணையத்தில். எல்லாம் கிடைத்துவிடாது; ஆய்வகம் வேண்டும், விளையாட்டுத் திடல் வேண்டும். ஆனால் மாலையில் பாடம் முடிந்தால் பிள்ளை நடந்தே வீட்டுக்குப் போய்விடும். அது தொடங்கிய ஆண்டு 2000. ஏழு பேரில் முதல் பிள்ளை தண்டர் பேயில் இறந்ததும் அதே ஆண்டுதான்.